வேர்ப்பொந்தில் வைத்த பேணி

சமாதான காலத்தில், 2003ஆம் ஆண்டு ஆடி மாதம், என் தம்பி கனடாவிலிருந்து வந்தான். பதினான்கு வருடங்களுக்குப் பிறகு அவனைக் காண்கிறேன். வன்னியில், மல்லாவியிலிருந்து மூன்று மைல்கட்டை தள்ளி ஆற்றங்கரையோரம் இருந்த எங்கள் வீட்டு வளவில் இரண்டு கிழமை நின்றான்.

அவன் கொண்டுவந்த படங்களில் ஒன்றை என் மகள் கையைவிட்டு வைக்கவில்லை. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவே ஒடுங்கிய நடைபாதை, மேலே அடர்ந்த காடு. தம்பியின் பிள்ளைகள் இருவரும் அந்தப் பாதையில் நின்று ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

“இது என்ன பெட்டி சித்தப்பா?”

தம்பி விளங்கப்படுத்தினான். முகம் தெரியாத யாரோ ஒருவர் காட்டுக்குள் ஒரு பெட்டியை ஒளித்துவைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை எண்களாக்கிக் கணினியில் போடுவாராம். மற்றவர்கள் உள்ளங்கையளவான ஒரு கருவியில் அந்த எண்களைக் கொடுத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தேடிப் போவார்களாம். பெட்டிக்குள் ஒரு கொப்பி இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் பெயரும் திகதியும் எழுதவேண்டும். உள்ளே கிடக்கும் சின்னச் சாமான்களில் ஒன்றை எடுத்தால் தன்னுடையதில் ஒன்றை வைக்கவேண்டும். பெட்டியை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.

“வீட்டை கொண்டு வாறேல்லையோ?”

“இல்லை. அடுத்த ஆளும் தேடவேணுமெல்லோ.”

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. படத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டு, “இப்பிடி இடம் எங்களிட்டையும் இருக்கு” என்றாள்.

அவள் சொன்னது எங்கள் ஆற்றை. மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு அது. ஆடி ஆவணியில் வெறும் மணல்தான், அங்கங்கே முழங்காலளவு நீர் தேங்கிய மடுக்கள். வளவுக்குப் பின்னால் கொஞ்சத்தூரம் போனால் கரைகள் இரண்டும் இரண்டாள் உயரத்துக்கு எழும்பிவிடும். மேலே மருதும் வீரையும் ஒன்றோடொன்று கிளை கோத்து நிற்கும். மருதின் வேர்கள் கரையின் மண்ணை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, பொந்தும் இடுக்குமாய்த் தொங்கும். வெயில் உச்சியில் நிற்கும்போதுகூட அடியில் குளிர்ந்திருக்கும்.

தம்பி தன் கருவியை வவுனியாவிலேயே ஒரு சிநேகிதன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். அப்படி ஒன்றோடு சோதனைச்சாவடிகளைத் தாண்ட நினைப்பது விசர்வேலை.

“அது இல்லாட்டில் என்ன? என்னட்டைத் திசைகாட்டி இருக்கு” என்றேன்.

நான் அப்போது மிதிவெடி அகற்றும் குழு ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு முதன்மைக் கல்லிலிருந்து எத்தனை பாகை, எத்தனை மீற்றர் என்று அளந்து குறிப்பது எனக்கு அன்றாட வேலை. மீற்றருக்குப் பதில் பிள்ளைகள் எட்டிவைக்கும் கவடு என்று வைத்துக்கொண்டால் முடிந்தது. “மணல்மேட்டுப் பாலைமரத்திலிருந்து வடகிழக்கு, அறுபது கவடு, பிறகு இடது கரை” என்று ஒரு துண்டில் எழுதினேன். மூடியுள்ள பால்மாத் தகரப் பேணியொன்றில் கொப்பித்தாளும் பென்சிலும் போட்டு, முதல் பேணியைத் தம்பிதான் கொண்டுபோய் ஒளித்தான்.

மனைவிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய், கண்டதைத் தொடாதேங்கோ, தெரியாத பேணி கிடந்தால் கிட்டப் போகாதேங்கோ எண்டு சொல்லிக் குடுக்கிறீங்கள். இஞ்சை உங்கடை பிள்ளைக்குப் பேணி தேடப் பழக்கிறீங்களோ?”

நியாயமான கேள்வி. நான் பதில் தயாராக வைத்திருந்தேன். எந்தப் பேணியும் மண்ணுக்குள் தாழ்க்கப்படாது, வேரிடுக்கிலோ மரப்பொந்திலோதான் வைப்போம். முந்திய நாள் நான் அந்த ஆற்றுத் துண்டு முழுவதையும் நடந்து பார்த்த பிறகே பிள்ளைகள் இறங்குவார்கள். எங்கள் மஞ்சள் நிறப் பேணியைத் தவிர வேறு எது தெரிந்தாலும் நின்ற இடத்தில் நின்று, வந்த காலடியில் திரும்பி வந்து என்னைக் கூப்பிடவேண்டும். அந்தப் பக்கம் போர்முனை இருந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். மனைவி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள்.

பக்கத்து வளவில் ஒரு மலையகக் குடும்பம் இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் நடந்த இனக்கலவரத்துக்குத் தப்பி வந்து, காடு வெட்டி, அந்த இரண்டு ஏக்கரில் மிளகாயும் நிலக்கடலையும் போட்டு எழும்பியவர்கள். அவர்களின் ஒரே பிள்ளை என் மகளைவிட ஒரு வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போவார்கள். முதல் நாளே அவளும் வந்து நின்றாள். கவடு எண்ணுவதில் அவளைப்போல யாரும் இல்லை. என் மகள் நாற்பதுக்கு மேல் பராக்குப் பார்த்து எண்ணிக்கையைத் தொலைத்துவிடுவாள். அந்தப் பிள்ளையோ கொக்குப்போல ஒரே அளவாகக் கால் வைத்துப் போவாள்.

தம்பி திரும்பிப் போன பிறகும் விளையாட்டு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் வேலியடியில் நிற்பார்கள். அடுத்த ஆடிக்குள் ஒன்பது பேணிகள் ஆகிவிட்டன. சிலதை நான் ஒளித்தேன், சிலதை அவர்கள் ஒருவருக்கொருவர் ஒளித்தார்கள். கொப்பிகளில் பெயரோடு சேர்த்து என்னென்னவோ எழுதுவார்கள். “இன்று ஒரு குரங்கு எங்களைப் பார்த்துப் பல்லிளித்தது, நாங்களும் இளித்தோம்” என்று பக்கத்து வளவுப் பிள்ளை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே என் மகள், “நான் இளிக்கவில்லை” என்று எழுதிக் கையொப்பம் வைத்திருந்தாள்.

அந்த ஒன்றரை வருடம்தான் நான் என் பிள்ளையோடு நிம்மதியாக நடந்த காலம்.

2004ஆம் ஆண்டு மாரி பலமாகப் பெய்தது. ஆறு கரையைத் தொட்டு ஓடியது. மார்கழி கடைசியில் மழை விட்டு நீர் வடியத் தொடங்கிய நேரம், கடல் வந்தது. சுனாமி அடித்த மறுநாள் விடியவே எங்கள் குழுவை முல்லைத்தீவுக்கு ஏற்றினார்கள். வாகனம் வாசல் படலையில் நின்று ஹோர்ன் அடித்தது. நான் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே மகளிடம் சொன்னேன்.

“நான் வந்து பாக்குமட்டும் ஆத்துக்குள்ளை இறங்கக்கூடாது. வெள்ளம் வந்த ஆறு. விளங்கிச்சோ?”

“ஓம் அப்பா.”

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வளவுப் பிள்ளை ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டு நின்றாள். எனக்குக் கையசைத்தாள். நானும் கையசைத்துவிட்டு ஏறினேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மகள் சொல்லுவாள் என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

முல்லைத்தீவுக் கரையில் சடலங்கள் எடுக்கும் வேலை முடிந்த பிறகு எங்களுக்கு வேறு வேலை தந்தார்கள். அலை, பழைய காவலரண் பக்கத்து மிதிவெடிகளைக் கிளப்பிக்கொண்டுபோய் எங்கெங்கோ போட்டுவிட்டது. நான் நாள்முழுவதும் முகாம் முகாமாகப் போய்ச் சனத்துக்குச் சொன்னேன். “மிதிவெடி பாரமில்லாத பிளாஸ்ரிக் சாமான். தண்ணி அதைக் கொண்டு போகும். நேற்றுச் சுத்தமாயிருந்த இடம் இண்டைக்குச் சுத்தமெண்டு நம்பாதேங்கோ.” கேட்ட சனம் தலையாட்டியது. எங்கள் ஆறு தொடங்கும் தலைப்பு, முன்பு சண்டை நடந்த பெருந்தெருப் பக்கத்துக் காட்டில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கே உறைக்கவில்லை.

தை மாதம் மூன்றாம் கிழமை, ஒரு சனிக்கிழமை மத்தியானம், சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது குழுத்தலைவர் வந்து என் முன்னால் குந்தினார்.

“உம்மடை வீட்டுப் பக்கம் ஒரு வெடி. பிள்ளை ஒண்டாம்.”

“எந்தப் பிள்ளை?”

“பக்கத்து வீட்டுப் பிள்ளையெண்டுதான் செய்தி.”

அந்தக் கணம் என் நெஞ்சு ஆறியது. என் பிள்ளை இல்லை. அந்த ஆறுதலை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

மல்லாவி ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து பிள்ளையை வவுனியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் நேரே அங்கே போனேன். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. முகத்தில் கல்லும் மண்ணும் கிழித்த காயங்கள். கண்களுக்கு ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னார். தகப்பன் வார்ட்டுக்கு வெளியே வாங்கிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை எப்போதும் ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார். எத்தனை தரம் வேண்டாமென்றாலும் கேட்கமாட்டார்.

“வந்துட்டீங்களா ஐயா. சாப்பிட்டீங்களா?” என்றார்.

நானும் அவரோடு அந்த வாங்கிலில் உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். அடுத்த வியாழக்கிழமை என் மகளுக்குப் பிறந்தநாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு பேணியை ஒளித்துவைத்து, அன்றைக்குத் தேடவிடவேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறாள். பேணிக்குள் இரண்டு கண்ணாடிக் காப்பும் ஒரு கடிதமும். ஆறு வடிந்து மணல் தெரிந்துவிட்டது. வழக்கமான மருதடியில், வழக்கமான வேர்ப்பொந்தில் பேணியை வைத்துத் தள்ளியிருக்கிறாள். பொந்தின் பின்பக்கம் வெள்ளம் கொண்டுவந்து அடைத்திருந்த சேற்றுக்குள் மிதிவெடி இருந்திருக்கிறது.

பின்னேரம் என்னை உள்ளே விட்டார்கள். தலைமாட்டில் தாய் நின்றார். பிள்ளை கண் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு வீங்கியிருந்தது.

“மாமா, நான் ஒண்டையும் தொடேல்லை.”

“கதைக்காதை பிள்ளை.”

“நீங்கள் சொன்ன மாதிரித்தான் மாமா. வேறை ஒண்டையும் நான் தொடேல்லை. பேணியைத்தான் வைச்சனான்.”

நான் கோபிப்பேன் என்று பயந்திருக்கிறாள். கையைப் பறிகொடுத்துக் கிடந்தும், விதியை மீறினாள் என்று நான் நினைத்துவிடக்கூடாது என்பதுதான் அவளுக்குக் கவலை.

“ஓம் பிள்ளை, எனக்குத் தெரியும். நீ ஒரு பிழையும் செய்யேல்லை” என்றேன். பிழை என்னுடையது என்று சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

வெளியே வந்தபோது தாயும் பின்னாலேயே வந்தார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

“ஒங்க புள்ளக்கிச் சொல்லிட்டுப் போனீங்களாமே, ஆத்துல எறங்காதேன்னு. ஒங்க மக அழுதுக்கிட்டே சொல்லிச்சு. எங்க புள்ள வேலிக்கு அந்தாண்டதானே நின்னுச்சு. அதுக்கு ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு வாய் வரலியா?”

புருஷன் வந்து அவரின் தோளைப் பிடித்தார். “விடு, ஐயா என்ன வேணும்னா செஞ்சாரு?” தாய் அந்தக் கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நான்கு வருடம் அவர் என்னோடு ஒரு சொல் பேசவில்லை.

குழுத்தலைவரிடம் அனுமதி கேட்டு, லீவு நாட்களில் அந்த ஆற்றை அடி அடியாகப் பார்த்தேன். எனக்கு உதவிக்கு இரண்டு பேர் தாங்களாகவே வந்தார்கள். முடிக்க மூன்று மாதம் சென்றது. மேலும் இரண்டு மிதிவெடிகள் எடுத்தோம். ஒன்று, என் மகள் வழக்கமாக உட்கார்ந்து கொப்பி எழுதுகிற வேருக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. ஒன்பது பேணிகளில் ஐந்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தை எடுத்து, கொப்பிகளை வாசிக்காமல் கிணற்றடியில் போட்டு எரித்தேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முன்னமே சொன்னேன் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மகள் என்னோடு பேசினாள், ஆனால் பழையபடி இல்லை. தான் சொல்லியிருக்கவேண்டும் என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நான் கேட்டே விட்டேன்.

“பிள்ளை, நீ ஏன் அவளுக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் அவளுக்கும் சொன்னீங்களெண்டு நினைச்சனான் அப்பா. கை காட்டினனீங்கள்தானே.”



அந்தப் பிள்ளை பங்குனியில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். தாய் எங்களோடு பேசாவிட்டாலும் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு வருவதிலிருந்து மறிக்கவில்லை. என் மகள் அவளுக்குப் புத்தகம் பிடித்தாள், சைக்கிள் உழக்கினாள். அவள் இடது கையால் எழுதப் பழகும்போது தானும் இடது கையாலேயே எழுதினாள். இரண்டு பேரும் கோணல் கோணலாய் எழுதிவிட்டு யாருடைய எழுத்து கேவலம் என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் நான் வேலையை விட்டுவிட்டு நிற்பேன்.

பிறகு பாதை பூட்டுப்பட்டது. சண்டை தொடங்கியது. 2008இல் மல்லாவியை விட்டுச் சனம் எழும்பியபோது இரண்டு குடும்பமும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் போனோம். போன ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் பக்கத்தில்தான் தறப்பாள் கூடாரம் கட்டினோம். தாய் என்னோடு பேசமாட்டார், ஆனால் தங்களுக்குப் பதுங்குகுழி வெட்டினால் எங்கள் பக்கமும் நீட்டி வெட்டச் சொல்லிப் புருஷனிடம் சொல்லுவார். இப்படியே தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டு, 2009 மாசியில் கடற்கரைப் பக்கம் வந்து சேர்ந்தோம்.

அந்த நாட்களில் சண்டைக்கு ஆள் சேர்க்க இயக்கத்தார் இளம்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் வீட்டுக்கு ஒருவர் என்றார்கள். பிறகு கணக்கில்லை, வயதும் இல்லை. என் மகளுக்குப் பதினைந்து முடிந்து ஒரு மாதம். தறப்பாளுக்குள் பகலில் வைத்திருந்து, ஆட்கள் வருவது தெரிந்தால் குழிக்குள் இறக்கி மேலே பாய் போடுவோம். அன்று பத்து மணியிருக்கும். மகள் அடுப்படியில் இருந்தாள், மற்றப் பிள்ளை அவளுக்குப் பக்கத்தில். வந்தவர்கள் நான்கு பேர். பின்பக்கத்தால் வந்ததால் நாங்கள் காணவில்லை.

ஒருத்தி இரண்டு பிள்ளைகளையும் எழும்பச் சொன்னாள். பக்கத்து வளவுப் பிள்ளையின் வலது கையைப் பார்த்தாள். “நீ இரு” என்றாள். என் மகளின் தோளில் கை வைத்தாள்.

நான் காலில் விழுந்தேன். ஒரு ஆண்பிள்ளைக்கு இருக்கிற வெட்கம் ரோசம் ஒன்றும் அப்போது இல்லை. மனைவி பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு இருபது மீற்றர் தூரம் மண்ணில் இழுபட்டாள். மற்றப் பிள்ளை, “என்னையும் கொண்டு போங்கோ, அவளை விடுங்கோ” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். ஒருவன் துவக்கைக் குறுக்கே பிடித்து அவளைத் தள்ளிவிட்டான்.

என் மகள் அழவில்லை. திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “அம்மா, பருப்பு அடிப்பிடிக்கப்போகுது.”

அதுதான் அவளிடமிருந்து நாங்கள் கேட்ட கடைசிச் சொல்.

பருப்பை இறக்கிவைத்தது பக்கத்து வளவுத் தாய். எங்கேயோ செல் விழுந்து மண் அதிர்ந்தது. நான் வெளியில் இருந்த இடத்திலேயே இருந்தேன். அவர் வந்து என் முன்னால் நின்றார்.

“ஐயா, எந்திரிச்சு உள்ள வாங்க. செல்லு வருது.”

நான்கு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய குரல். நான் எழும்பவில்லை. அவரே குனிந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குழிக்குள் இறக்கினார்.

சித்திரையில் நீரேரியைக் கடந்து ஆமியின் பக்கம் வந்தோம். வவுனியாவில் முட்கம்பிக்குள் அடைத்திருந்த முகாம்களில் ஒன்றில் எங்களை விட்டார்கள். தடுப்புக் காவலில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியல் என்று எது ஒட்டினாலும் நான் போய்ப் பார்ப்பேன். அவளின் பெயர் எதிலும் இல்லை. பதிவு எடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் கடைசியாகக் கண்ட இடம் எது என்று கேட்டார்கள். கடற்கரைக்கும் நீரேரிக்கும் இடையில் ஒரு தறப்பாள் என்று சொன்னேன். ஒருவர் எழுதிய கையை நிறுத்திவிட்டு, “அங்கை ஆயிரக்கணக்கான தறப்பாள் இருந்ததே ஐயா” என்றார்.

செத்துவிட்டாள் என்று சொல்ல ஆளில்லை. இருக்கிறாள் என்று சொல்லவும் ஆளில்லை. மனைவி பேசுவதை விட்டுவிட்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், லைனில் நிற்கச் சொன்னால் தண்ணீர் லைனில் போய் நிற்பாள். கண்ணில் மட்டும் ஒன்றும் இல்லை. இரண்டு கைகளையும் மடியில் போட்டபடி மணிக்கணக்காக இருப்பாள்.

முகாமுக்குள்ளேயே கொட்டகை போட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பக்கத்து வளவுக் குடும்பத்துக்கு எங்கள் வரிசையிலேயே நாலாவது கூடாரம். பள்ளிக்கூடம் தொடங்கிய முதல்நாள் காலை அந்தத் தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கூடாரத்துக்கு வந்தார். பிள்ளையின் தலை விரிந்திருந்தது. தாயின் கையில் சீப்பும் இரண்டு கறுப்பு றிபனும் இருந்தன.

“அக்கா, இதுக்குத் தலைய வாரி ரெட்டப் பின்னல் போட்டு விடுங்க. எனக்குச் சரியா வரமாட்டேங்குது.”

பொய். பதினாறு வருடமாக அந்தத் தலையைப் பின்னியவர் அவர்தான். கை போன பிறகு ஒவ்வொரு காலையும் வேலிக்கு அப்பால் அவர் பின்னிவிடுவதை நானே கண்டிருக்கிறேன். சீப்பை என் மனைவியின் மடியில் வைத்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். பிள்ளை வந்து மனைவியின் முன்னால் முதுகு காட்டிக் குந்தினாள்.

மனைவி மடியில் கிடந்த சீப்பைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்தாள். உச்சியைப் பிரித்தாள். வகிடு கோணலாக வந்தது, கலைத்துவிட்டு மறுபடி பிரித்தாள். பிள்ளை அசையாமல் இருந்தாள்.

“மாமி, இறுக்கிப் பின்னுங்கோ. ஓடினால் அவிழும்.”

“பொறு” என்றாள் என் மனைவி.

நான் வெளியே போய் நின்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்தப் பிள்ளை வந்தாள். மார்கழியில் எங்களை முகாமிலிருந்து வெளியே விட்டார்கள். வவுனியா நெளுக்குளத்தில் ஒரு சொந்தக்காரரின் வளவில் இரண்டு குடும்பமும் ஒரு கொட்டிலை நடுவில் மறித்து இருந்தோம். பள்ளிக்கூட பஸ் ஆறே முக்காலுக்கு வரும். ஆறு மணிக்கே மனைவி சீப்போடு வாசலில் வந்து இருந்துவிடுவாள்.